பறப்பதற்கு ஒரு மூளை, பார்ப்பதற்கு ஒரு மூளை

(ஆரல்வாய்மொழியில் மாணவர்கள், காற்றாலைப் பணியாளர்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் சிறியது. உள்ளங்கையில் அடங்கக்கூடியது. ஒரு டிரோனின் முதுகில் ஒரு சின்னக் கணினியை எப்படி ஏற்றுவது, ஏன் ஏற்றுவது, ஏற்றும்போது எதில் கவனம் வைப்பது? இவ்வளவுதான் பொருள். இதைச் சென்னையிலோ பெங்களூருவிலோ பேசினால் போதாதா, ஆரல்வாய்மொழியில் வந்து ஏன் பேச வேண்டும்? பேச வேண்டும். இந்த ஊரில்தான் பேச வேண்டும். காரணம் சொல்கிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே வந்து முடிகிற இடத்தில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. அந்த வாசலில்தான் நாம் உட்கார்ந்திருக்கிறோம். 1809இல் திருவிதாங்கூர் அமைச்சர் வேலுத்தம்பி தளவாயை எதிர்த்து வந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படை இந்தக் கணவாய்க் கோட்டையைக் கைப்பற்றித்தான் திருவிதாங்கூருக்குள் நுழைந்தது. படை ஒரு முறை வந்தது. காற்று ஆண்டுதோறும் வருகிறது. வைகாசி பிறந்து தென்மேற்குப் பருவம் தொடங்கினால், மலைகளுக்கு இடையில் நெருக்குண்டு, வேகம் கூடி, இந்தப் பக்கம் சீறிக்கொண்டு வெளியே வரும். புரட்டாசி வரைக்கும் வீட்டுக் கதவைத் திறந்துவைக்க முடியாது என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

அந்தக் காற்றை நம்பித்தான் பக்கத்திலுள்ள முப்பந்தலில் காற்றாலைகள் எழுந்தன. தமிழ்நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணை 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் வந்தது. அதன் பிறகு தொண்ணூறுகளில் முப்பந்தலைச் சுற்றிக் காடுபோல் நின்றுவிட்டன. இன்று சுமார் 1,500 மெகாவாட் என்று சொல்லப்படும் இந்தப் பண்ணை, நிலத்தில் அமைந்த இந்தியக் காற்றாலைப் பண்ணைகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. ஆரம்ப காலத்தில் நட்டவை 225 கிலோவாட், 250 கிலோவாட் இயந்திரங்கள். அவற்றின் இறக்கை ஏறக்குறைய 13 மீட்டர். பின்னால் வந்த 2 மெகாவாட் இயந்திரங்களின் இறக்கை 40 மீட்டரைத் தாண்டும். அது தரையிலிருந்து 80 மீட்டர் உயரத்தில் சுழல்கிறது.

சுழல்கிற எந்தப் பொருளும் தேயும். இறக்கையின் முன்விளிம்பை மழைத்துளி அரிக்கிறது, புழுதி அரிக்கிறது, கடற்காற்றில் வரும் உப்பு அரிக்கிறது. மின்னல் இறங்கினால் நுனி பிளக்கிறது. கண்ணாடி இழை அடுக்குகளுக்கு இடையே மயிரிழைபோல் ஒரு விரிசல் தொடங்கும். அதை இந்த ஆண்டே கண்டுபிடித்தால் மேலே ஏறிப் பூசிச் சரிசெய்துவிடலாம். மூன்று ஆண்டு கழித்துக் கண்டுபிடித்தால் இறக்கையையே மாற்ற வேண்டும். அதற்குக் கிரேன் வர வேண்டும். பழைய இயந்திரங்களைப் புதுப்பிக்கவும் ஆயுளை நீட்டிக்கவும் தமிழ்நாடு அரசு 2024இல் கொள்கை ஒன்றை வெளியிட்டிருக்கிறது. ஆயுளை நீட்டிக்க வேண்டுமானால் முதலில் உடம்பைப் பரிசோதிக்க வேண்டும் அல்லவா?

இதுவரை எப்படிப் பரிசோதித்தோம்? தரையில் நின்று தொலைநோக்கியில் பார்த்தோம். இல்லாவிட்டால் ஒரு மனிதன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, 80 மீட்டர் உயரத்தில், இந்தக் காற்றில் தொங்கினான். அப்படித் தொங்கியவர்கள் இந்த அரங்கத்திலேயே இருப்பீர்கள். அந்த வேலையின் ஆபத்து என்னைவிட உங்களுக்குத் தெரியும். அதனால்தான் டிரோன் வந்தது. இறக்கையை நிறுத்திவைத்து, ஐந்து முதல் பத்து மீட்டர் தள்ளி நின்று, மேலிருந்து கீழ்வரை படமெடுக்கிறது.

இங்கேதான் நம் பொருள் தொடங்குகிறது. அந்த டிரோனுக்குப் பார்க்கத் தெரியுமா? கேமரா இருக்கிறது, ஆனால் பார்க்கத் தெரியாது. எதிரே இருப்பது இறக்கையா, கோபுரமா, மேகமா என்று அதற்குத் தெரியாது. கீழே நிற்கும் பைலட் திரையைப் பார்த்துக் கையால் ஓட்டுகிறார். கழுத்தை அண்ணாந்து, வெயிலில், எதிர்க்காற்றில், இறக்கைக்கு ஐந்து மீட்டர் தள்ளி நிறுத்துகிறார். எவ்வளவு நேரம் முடியும்?

"கீழே ஒரு லேப்டாப்பை வைத்துக்கொண்டால் போதாதா? படத்தைக் கீழே அனுப்பி, அங்கே கணக்குப் போட்டு, கட்டளையை மேலே அனுப்பலாமே?" நல்ல கேள்வி. மாணவர்கள் பல பேர் என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். படம் கீழே வர, லேப்டாப் யோசிக்க, பதில் மேலே போக, எல்லாம் சேர்ந்து அரை நொடி என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஒரு காற்று டிரோனைத் தள்ளினால், பதில் வந்து சேருமுன் அது இரண்டரை மீட்டர் நகர்ந்திருக்கும். இறக்கைக்கும் அதற்கும் இருந்த இடைவெளியில் பாதி போய்விட்டது. இந்தக் கணவாயில் காற்று 5 மீட்டரோடு நிற்குமா?

இன்னொன்று. காற்றாலைக் கோபுரம் இரும்பு. அதன் பக்கத்தில் போனால் வானத்தின் ஒரு பகுதி மறைகிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சில கண்ணில் படுவதில்லை. சிலவற்றின் சிக்னல் கோபுரத்தில் பட்டுத் தெறித்து வருகிறது. திசைகாட்டியும் இரும்பைக் கண்டு தடுமாறுகிறது. ஆக, எந்த இடத்தில் தன் இருப்பிடம் டிரோனுக்குத் துல்லியமாகத் தெரிய வேண்டுமோ, அந்த இடத்தில்தான் அது தெரியாமல் போகிறது. அங்கே அதைக் காப்பாற்றக்கூடியது கேமராவும், தூரத்தை அளக்கும் உணரியும், அவை தரும் தகவலை அந்தக் கணமே படித்து முடிவு சொல்லும் ஒரு கணினியும்தான். அந்தக் கணினி டிரோனின் மேலேயே இருக்க வேண்டும்.

ஒக்கிப் புயலை நினைத்துப் பாருங்கள். 2017 நவம்பர் 30. இந்த மாவட்டத்தில் ஏத்தன் வாழையும் ரப்பரும் தென்னையும் சாய்ந்து கிடந்தன. மின்சாரம் பல நாள் இல்லை. கரண்டு இல்லாத ஊரில் செல்போன் கோபுரம் எத்தனை நாள் நிற்கும்? அப்படிப்பட்ட நாளில், படத்தை எங்கோ இருக்கும் சர்வருக்கு அனுப்பிப் பதில் வாங்குகிற டிரோன் வெறும் பொம்மை. தன் முதுகில் தன் கணினியைச் சுமந்து, சாய்ந்த வாழையைத் தானே எண்ணி, கூரையேறி நிற்கும் மனிதனைத் தானே அடையாளம் கண்டு திரும்பி வருகிற டிரோன்தான் அன்றைக்குப் பயன்படும்.

சரி, டிரோனில் ஏற்கெனவே ஒரு கணினி இருக்கிறதே? இருக்கிறது. அதற்கு ஃபிளைட் கன்ட்ரோலர் என்று பெயர். அது நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை, டிரோன் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, நான்கு மோட்டார்களுக்கும் கொஞ்சம் கூட்டு, கொஞ்சம் குறை என்று கட்டளையிடுகிறது. அதற்கு வேறு சிந்தனையே கூடாது. நாம் ஏற்றப்போவது இரண்டாவது கணினி, துணைக் கணினி. நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகிற பேருந்தை எண்ணிக்கொள்ளுங்கள். எங்கே நிறுத்த வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்று விசில் கொடுப்பவர் நடத்துநர். ஆனால் ஸ்டியரிங்கில் அவர் கை வைக்கமாட்டார். துணைக் கணினியின் இடம் அதுதான். போகும் வழியை அது சொல்லட்டும்; சமநிலையை ஃபிளைட் கன்ட்ரோலர் பார்த்துக்கொள்ளட்டும்.

இன்று உலகெங்கும் மாணவர்கள் கையாளும் பிக்ஸ்ஹாக் என்ற கன்ட்ரோலர், சுவிட்சர்லாந்தில் ஜூரிக் நகரின் ஈடிஎச் பல்கலைக்கழகத்தில், லோரன்ஸ் மையர் என்ற மாணவர் தொடங்கிய முயற்சியில் பிறந்தது. கேமராவின் உதவியால் தானே வழி பார்த்துப் பறக்கும் டிரோன் ஒன்றைச் செய்யத்தான் அவர்கள் புறப்பட்டார்கள். டிரோனும் கணினியும் பேசிக்கொள்ள அவர் 2009இல் வெளியிட்ட மாவ்லிங்க் என்ற செய்தி முறை இன்று எல்லோர் கையிலும் இருக்கிறது. ஒரு மாணவனின் வேலை! இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது, தம்பிகளே. பெரிய நிறுவனம் செய்துகொடுக்கும்வரை காத்திருந்தவர்கள் அல்லர் அவர்கள்.

இந்த இரண்டு மூளை ஏற்பாட்டுக்குச் சிறந்த சான்று எங்கே இருக்கிறது தெரியுமா? பூமியில் இல்லை. செவ்வாயில் இருக்கிறது.

2021 ஏப்ரல் 19. நாசாவின் இன்ஜெனுவிட்டி என்ற 1.8 கிலோ ஹெலிகாப்டர் செவ்வாயில் முதல் முறையாகப் பறந்தது. அதன் தலைமைப் பொறியாளர் பாப் பாலராம், சென்னை ஐஐடியில் படித்தவர். அதன் உடம்புக்குள் என்ன இருந்தது? பார்த்து வழி கண்டுபிடிக்க, செல்போனுக்காகச் செய்யப்பட்ட ஸ்னாப்டிராகன் 801 சிப். பறப்பின் அடிப்படைக் கட்டுப்பாட்டுக்கு, கார்களுக்காகச் செய்யப்பட்ட உறுதியான சிறு செயலிகள், ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்று. அங்கிருந்து சிக்னல் பூமிக்கு வந்து சேரப் பல நிமிடம் ஆகும். யாரும் இங்கிருந்து ஓட்ட முடியாது. அது தானே பார்த்துத்தான் பறக்க வேண்டும்.

அதன் ஆறாவது பறப்பைக் கேளுங்கள். 2021 மே 22. பறந்து ஏறக்குறைய 54 நொடி ஆனபோது, கேமராவிலிருந்து வந்த படங்களில் ஒன்றே ஒன்று தொலைந்துபோனது. ஒரு படம் போனால் என்ன? அதற்குப் பின் வந்த ஒவ்வொரு படத்துக்கும் நேரக் குறிப்பு தவறிவிட்டது. படம் எப்போது எடுக்கப்பட்டது என்பதைத் தவறாக எண்ணிக்கொண்டு, ஹெலிகாப்டர் தன்னைத்தானே திருத்திக்கொண்டே போனது. முன்னும் பின்னும் ஆடியது. 20 டிகிரிக்கு மேல் சாய்ந்தது. விழுந்ததா? விழவில்லை. இறங்க வேண்டிய இடத்திலிருந்து சுமார் 5 மீட்டருக்குள் நல்லபடியாக இறங்கியது. எப்படி? தாறுமாறான தகவல் வந்தாலும் நிலைகுலையாத அளவுக்கு அதன் கட்டுப்பாட்டு முறையில் தாராளமாக இடம் விட்டிருந்தார்கள். தரையை நெருங்கும் கடைசிக் கட்டத்தில் கேமராவைக் கேட்கவே கேட்காதே என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார்கள். ஐந்து பறப்புக்கென்று அனுப்பிய இயந்திரம் 2024 ஜனவரி வரை 72 முறை பறந்தது.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இது: துணைக் கணினி தவறும் என்று வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்க வேண்டும். அது உறைந்துபோகும், படத்தைத் தொலைக்கும், தானாக மறுதொடக்கம் ஆகும். அப்போதும் டிரோன் பத்திரமாக இருக்க வேண்டும். பிக்ஸ்ஹாக்கில் ஓடும் பிஎக்ஸ்4 மென்பொருளில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. வெளியிலிருந்து கணினி கட்டளையிடும் முறையில், நொடிக்கு இரண்டு முறைக்கு மேல் கட்டளை வந்துகொண்டே இருக்க வேண்டும். வரவில்லையா? ஃபிளைட் கன்ட்ரோலர் அந்த முறையை விட்டுவிட்டு, நீங்கள் முன்பே சொல்லிவைத்தபடி மிதந்து நிற்கும், அல்லது இறங்கும், அல்லது கிளம்பிய இடத்துக்குத் திரும்பும். இதில் எது நடக்க வேண்டும் என்று தீர்மானிக்காமல் ஒரு டிரோனும் தரையை விட்டு எழும்பக் கூடாது. காற்றாலைப் பக்கத்தில் அந்தத் தீர்மானம் எளிதல்ல. நேராகத் திரும்பு என்றால் நடுவில் இறக்கை நிற்கலாம்.

இனி, கையால் செய்கிற வேலைக்கு வருவோம். ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினியை எடுத்துக்கொள்வோம். எடை சுமார் 46 கிராம். 46 கிராம்தானே என்று மகிழாதீர்கள். கேமரா, வோல்ட்டைச் சீராக்கும் ரெகுலேட்டர், ஒயர், உறை, திருகு எல்லாம் சேர்ந்தால் எளிதில் 150 கிராமைத் தாண்டும். கணினி பேட்டரியைத் தின்றுவிடும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். அது குடிப்பது ஏறக்குறைய 6 வாட். ஆனால் ஒரு கிலோவைத் தூக்கி நிறுத்தச் சிறு டிரோன் ஒன்று சுமார் 150 வாட் செலவழிக்கிறது என்றால், இந்த 150 கிராமைத் தூக்க மட்டும் 20 வாட்டுக்கு மேல் போகிறது. மின்சாரத்தைவிட எடைதான் பறக்கும் நேரத்தைக் குறைக்கிறது. ஆகவே உறையைக் குறையுங்கள், நீளமான ஒயரை வெட்டுங்கள். பின்பு டிரோனின் நடுவில் இரண்டு பக்கமும் விரலை வைத்துத் தூக்கிப் பாருங்கள். ஒரு பக்கம் சாய்ந்தால், பேட்டரியை நகர்த்திச் சரிசெய்யுங்கள். ஒரு பக்கம் சாய்ந்த டிரோனில் இரண்டு மோட்டார்கள் எப்போதும் அதிகமாக உழைக்கும். காற்று அடிக்கும்போது கூடுதலாகக் கொடுக்க அவற்றிடம் வலு இருக்காது.

அடுத்தது மின்சாரம். அதிகம் பேர் தோற்கும் இடம் இதுதான். ஃபிளைட் கன்ட்ரோலருக்கு வருகிற 5 வோல்ட்டிலிருந்தே ஓர் ஒயரை இழுத்துக் கணினிக்குக் கொடுத்துவிடுவார்கள். மேஜைமேல் எல்லாம் நன்றாக ஓடும். மேலே போய்க் கேமராப் படத்தை அலசத் தொடங்கியதும் கணினி அதிக மின்சாரத்தை இழுக்கும். மெல்லிய ஒயரில் வோல்ட் இறங்கும். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் பை எச்சரிக்கும். இன்னும் இறங்கினால் அணைந்து எழும். அதோடு நின்றால் பரவாயில்லை. ஒரே இடத்திலிருந்து குடிக்கும் ஃபிளைட் கன்ட்ரோலரும் சேர்ந்து அணைந்தால்? 80 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு கல் விழுகிற மாதிரி விழும். கணினிக்குத் தனி ரெகுலேட்டர் வைத்தே தீர வேண்டும். 5 வோல்ட், 3 ஆம்பியர், தடித்த குட்டை ஒயர். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இரண்டு கணினிகளையும் இணைக்க மூன்று ஒயர் போதும். ஒன்றின் அனுப்பும் முனையிலிருந்து மற்றதன் பெறும் முனைக்கு ஒன்று, அதேபோல் மறுபுறம் இன்னொன்று, மூன்றாவது, இரண்டுக்கும் பொதுவான கிரவுண்டு. சிக்னல் 3.3 வோல்ட். அந்த முனைகளில் 5 வோல்ட்டைத் தொட்டுவிட்டால் பை செத்துவிடும். கனெக்டரைக் கழன்றுவராமல் கட்டுங்கள், மெமரி கார்டின்மேல் ஒரு டேப்பை ஒட்டுங்கள். அதிர்வில் அது தளர்ந்தால் கணினி வானத்திலேயே நினைவிழக்கும்.

இனிச் சொல்லப்போவது கண்ணுக்குத் தெரியாதது. ஜிபிஎஸ் சிக்னல் 20,000 கிலோமீட்டருக்கு மேலேயிருந்து வருகிறது. வந்து சேரும்போது மிக மிக மெலிந்திருக்கும். அதன் பக்கத்தில் நாம் கொண்டுபோய் ஒரு கணினியை வைக்கிறோம். கணினி ஓடும்போது, அதிலும் யுஎஸ்பி 3 கேமரா மாட்டியிருந்தால், அதிலிருந்து வானொலி இரைச்சல் கிளம்புகிறது. சோதித்துப் பாருங்கள்: திறந்த வெளியில், புரொப்பல்லர்களைக் கழற்றிவிட்டு, கணினியை அணைத்துவைத்து எத்தனை செயற்கைக்கோள் தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கணினியைப் போடுங்கள், கேமராவை ஓட்டுங்கள், மறுபடியும் பாருங்கள். எண்ணிக்கை சரிந்தால் ஜிபிஎஸ்ஸை ஒரு கம்பத்தில் உயர்த்துங்கள், கணினியைத் தள்ளி வையுங்கள், கேபிளைச் செம்புத் தகட்டால் சுற்றுங்கள். சரியாகும்வரை பறக்காதீர்கள்.

வெப்பமும் உண்டு. பை 80 டிகிரி செல்சியஸை எட்டியதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பறக்கும்போது நம்மூர்க் காற்றே குளிர்விக்கும். புறப்படுமுன் சித்திரை வெயிலில் மூடிய உறைக்குள் காத்திருக்கிறதே, அந்தப் பத்து நிமிடத்தில்தான் கொதிக்கும். நிழலில் வையுங்கள்.

தமிழ்நாட்டில் இதை யாராவது செய்து காட்டியிருக்கிறார்களா? சென்னை குரோம்பேட்டை எம்ஐடி, நம் அப்துல் கலாம் விமானப் பொறியியல் படித்த கல்லூரி. அந்த வளாகத்தின் வான்வெளி ஆராய்ச்சி மையத்து மாணவர்களின் தக்ஷா குழு, 2018இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குப் போய், மருத்துவ மாதிரியை ஆளில்லா விமானத்தில் எடுத்துவரும் பன்னாட்டுப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. நடிகர் அஜித் குமார் அதற்கு ஆலோசகராக இருந்ததால் செய்தி ஊரெல்லாம் பரவியது. நல்லதுதான். ஆனால் அந்த மாணவர்கள் சால்டரிங் மேஜையில் உட்கார்ந்த இரவுகள் செய்தியில் வரவில்லை. நான் உங்களிடம் கேட்பது அந்த இரவுகளை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ, அதற்கு மேல் 2 கிலோ வரை மைக்ரோ. 249 கிராம் டிரோனில் ஒரு கணினியை வைத்தால் வகையே மாறிவிடும். முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் வரை பறக்கலாம். ஆனால் நமக்குப் பக்கத்தில் மகேந்திரகிரியில் இஸ்ரோ மையம் இருக்கிறது, கூடங்குளத்தில் அணுமின் நிலையம் இருக்கிறது. அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தைத் திறந்து, நிற்கிற இடம் எந்த நிறம் என்று பார்க்காமல் புறப்படக் கூடாது.

நிறைவாக இரண்டு வேண்டுகோள்கள். காற்றாலை உரிமையாளர்களே, மேலாளர்களே! உங்கள் பண்ணையில் ஓடாமல் நிற்கும் பழைய 225 கிலோவாட் இயந்திரம் ஒன்றாவது இருக்கும். காற்றுப் பருவம் தொடங்குமுன், பங்குனி சித்திரையில், அதைப் பூட்டி நிறுத்தி, அதன் இறக்கையை நம் பிள்ளைகள் டிரோனால் பார்த்துப் பழக அனுமதி கொடுங்கள். இறக்கையில் ஏறி வேலை பார்த்த தொழிலாளி ஒருவரைக் கூடவே நிறுத்துங்கள். எது அழுக்கு, எது விரிசல் என்று கணினிக்குக் கற்பிக்க, எந்தப் பேராசிரியரைவிடவும் அவர்தான் தேவை.

மாணவத் தம்பிகளே, தங்கைகளே! நீங்கள் நான்கைந்து பேராகச் சேருங்கள். ஒரு பிக்ஸ்ஹாக், ஒரு பை, ஒரு கேமரா வாங்குங்கள். முதல் மாதம் புரொப்பல்லர் இல்லாமல் மேஜைமேல் ஓட்டுங்கள். வேண்டுமென்றே கணினியின் ஒயரைப் பிடுங்கி, ஃபிளைட் கன்ட்ரோலர் என்ன செய்கிறது என்று பாருங்கள். அது சரியாகச் செய்த பிறகு திறந்த வெளிக்கு வாருங்கள். கற்பித்துத் தர நான் வருகிறேன். கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்தில் உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.